இரண்டு பேர் சொன்னால்

மேகலாவுக்குத் தன் புருஷனை ரொம்பவும் பிடித்திருந்தது. குழப்பம் அங்கேதான் ஆரம்பித்தது.

பிடித்தவனோடு குடித்தனம் நடத்துவதில் என்ன குழப்பம் என்று கேட்பீர்கள். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் பூபதி எழுந்து போய்விடுவான். தோசை வார்த்து வைத்தால் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவான். இன்னொன்று போடட்டுமா என்றால் தட்டைக் கையால் மூடிக்கொள்வான். மாத்திரை எடுத்துத் தருவது, பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, மாதம் இரண்டு தடவை கோயமுத்தூருக்குப் பரிசோதனைக்குக் கூட்டிப்போவது எதிலும் குறை வைக்கமாட்டான். அவள் ஆசையாக ஒரு வார்த்தை பேசிவிட்டால் மட்டும் போதும், பிரிண்டிங் யூனிட்டில் வேலை கிடக்கிறது என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். படுக்கை ஹாலில், தனியாக.

தலையில் அடிபட்ட பெண்டாட்டி மேல் அலுப்பு வந்துவிட்டதோ என்று நினைத்தாள். வேறு யாராவது இருக்கிறாளோ என்றும் நினைத்தாள். வெட்கத்தை விட்டு அவன் போனைக்கூட எடுத்துப் பார்த்தாள். அதில் டி-ஷர்ட் டிசைன்களும் பாப்பாவின் படங்களும்தான் இருந்தன. பாப்பா என்றால் ஆதிரை, இரண்டாம் வகுப்பு. அவளிடம் அப்பா ஏன் ஹாலில் படுக்கிறார் என்று நைசாகக் கேட்டுப் பார்த்தாள். "அப்பா எப்பவும் ஹால்லதானே படுப்பாங்க?" என்று சொல்லிவிட்டு அந்தக் குட்டி வண்ணம் தீட்டப் போய்விட்டது.

எப்பவுமா? மேகலாவின் ஞாபகத்தில் அப்படி இல்லையே.

அவள் ஞாபகத்தில் இருந்த பூபதியைப் பற்றிக் கேளுங்கள். கல்யாணம் முடிந்து சிவன்மலைப் படி இறங்கும்போது அவள் கொலுசு கழன்று விழுந்ததும், இரண்டு வீட்டு ஜனமும் பார்க்கக் குனிந்து மாட்டிவிட்டவன். அவளைப் பிரசவத்துக்கு உள்ளே கொண்டுபோனபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒன்றரை நாள் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் நின்றவன். ஒரு சுடுசொல் சொன்னதில்லை. ஊரில் யாராவது புருஷனைப் பற்றிக் குறை சொன்னால், பாவம் அவளுக்கு வாய்த்தது அப்படி என்று மேகலா மனசுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டதுகூட ஞாபகம் இருந்தது. அந்த மனுஷனையும் ஹாலில் பாய் விரிக்கிற இந்த மனுஷனையும் எந்தப் பக்கம் வைத்துப் பார்த்தாலும் ஒன்றாகத் தைக்க முடியவில்லை.

அந்த ஒன்பது வருஷ ஞாபகமும் வெளியிலிருந்து வைக்கப்பட்டது என்பது அவளுக்குத் தெரியும். அதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. போன ஆடி மாதம் பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு கண்டெய்னர் லாரி அவள் ஸ்கூட்டரைத் தட்டிவிட்டது. தலையின் வலது பக்கம் நல்ல அடி. பத்தொன்பது நாள் கண் திறக்கவில்லை. திறந்தபோது அம்மாவைத் தெரிந்தது, படித்த பள்ளிக்கூடம் தெரிந்தது, பனியன் கம்பெனியில் தைத்த துணிகளில் குறை பார்க்கிற செக்கிங் டேபிளில் தான் வேலை செய்வது தெரிந்தது. கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்தாயிற்றா என்று கேட்டாள். கல்யாணம் ஆகி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. "அம்மா" என்று கட்டிலுக்கு ஓடிவந்த குழந்தையைப் பார்த்து, "யார் வீட்டுப் பாப்பா இது?" என்று கேட்டாள். அந்தக் குழந்தை அழுத அழுகைக்காகத்தான் மேகலா நினைவு ஒட்டு என்கிற சிகிச்சைக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாள்.

மறுவாழ்வு மையத்து டாக்டர் நஸ்ரீன் அன்றைக்கே எல்லாவற்றையும் விளக்கியிருந்தார். பேசும்போது பேனாவை மூடித் திறந்து மூடிக்கொண்டே இருப்பார், நிதானமான மனுஷி.

"நாங்க படம் எதையும் உள்ள வைக்கறதில்லைம்மா. உங்க வீட்டு ஆளுங்க சொல்ற கதையை, அவங்க குரல்லயே வைக்கிறோம். படத்தை உங்க மூளை தானா வரைஞ்சுக்கும். அதனாலதான் சொந்த ஞாபகம் மாதிரியே இருக்கும்."

யாராவது பொய் சொன்னால் என்று மேகலா கேட்டாள். செக்கிங் டேபிள் புத்தி எங்கே போகும்.

"அதுக்குத்தான் மூணு பேர். தனித்தனி ரூம்ல, ஒருத்தர் சொல்றது இன்னொருத்தருக்குத் தெரியாது. ரெண்டு பேராவது ஒத்துச் சொன்னாத்தான் உள்ள போகும். ஒருத்தர் மட்டும் சொன்னது, எவ்வளவு பெரிய விஷயமா இருந்தாலும் வெளியதான்."

இந்த மருத்துவம் வந்த புதிதில், எங்கேயோ ஒரு புண்ணியவான், அடிபட்ட தன் அண்ணன் மண்டைக்குள் தோட்டத்தைத் தம்பிக்கே எழுதித் தருகிறேன் என்று அண்ணனே சொன்ன மாதிரி ஒரு ஞாபகத்தைத் தனியாளாக ஏற்றிவிட்டானாம். அதற்குப் பிறகு வந்த சட்டம் இது. மேகலாவுக்கு அம்மா துளசிமணி, மாமியார் ராமாத்தாள், புருஷன் பூபதி மூவரும் சொன்னார்கள். வைத்த ஞாபகம் ஆறு மாதம் ஈரச் சிமெண்ட் மாதிரி இளகலாகவே இருக்கும். அதற்குள் அதற்கு மாறான கதையை யாரும் வலியப் போய்ச் சொல்லக்கூடாது, நோயாளியாகக் கேட்டால் சொல்லலாம். ஆறாவது மாதம் ஓர் ஊசி. போட்டுக்கொண்டால் ஞாபகம் நிலைத்துவிடும், பிறகு பிரம்மாவே வந்தாலும் கழற்ற முடியாது. போடாவிட்டால் நாலைந்து மாதத்தில் கரைந்து போய்விடும். கரைந்தால் பாப்பா பிறந்தது, நடந்தது, முதலில் பேசியது எல்லாமும் சேர்ந்தே கரையும்.

ஊசிக்குக் குறித்திருந்த நாள் வருகிற வெள்ளிக்கிழமை.

திங்கட்கிழமை காது பரிசோதனை. மேகலாவுக்கு இடது காது சரியாகக் கேட்காது. விபத்தில் போனது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். பரிசோதனை செய்த பெண், கணினியைப் பார்த்தபடி, இது பழைய கிழிசல், ஆறி மூன்று வருஷமாவது இருக்கும், விபத்தில் அடிபட்டது வலது பக்கம்தானே என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். அவளுக்கு அது தினம் பார்க்கிற நூறு காதில் ஒரு காது.

மேகலா யோசித்துப் பார்த்தாள். ஒன்பது வருஷ ஞாபகத்தில் காதே இல்லை. காதில் அடிபட்டதாகவோ சீழ் வைத்ததாகவோ ஒன்றும் இல்லை. ஊத்துக்குளியில் இருந்த அம்மாவுக்குப் போன் போட்டு, சும்மா கேட்கிற மாதிரி கேட்டாள். அது சின்ன வயசில் கிணற்றில் நீச்சல் பழகும்போது தண்ணீர் போய்க் கெட்டது என்றாள் துளசிமணி. காங்கேயத்தில் பெரிய மகன் வீட்டில் இருந்த மாமியாருக்கும் போட்டாள். அது பாப்பா பிறந்த கையோடு வந்த காய்ச்சலில் போனது என்றாள் ராமாத்தாள். இருவருமே யோசிக்காமல், பட்டென்று சொன்னார்கள்.

ஒரே லாட்டில் வந்த இரண்டு பீஸில் இரண்டு விதமான குறை இருந்தால், குறை துணியில் இல்லை, தைத்தவர்களிடம் என்று செக்கிங்கில் எல்லாருக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பிரிண்டிங் யூனிட்டுக்கே போய்விட்டாள். ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். பூபதி மட்டும் ஒரு வாளியில் நீல மையைக் கலக்கிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் பதறிப்போய்த் தலை வலிக்கிறதா, வண்டி எடுக்கட்டுமா என்று எழுந்தான். அவள் நின்றபடியே கேட்டாள்.

"ஏனுங்க, என்ற எடது காது எப்படிங்க போச்சு?"

அவன் மை காயவைக்கிற டிரையரை அணைத்தான். அந்த இரைச்சல் நின்றதும் கொட்டகையே காலியானது மாதிரி ஆயிற்று.

"நான் அறைஞ்சதுல."

மேகலா சிரித்துவிட்டாள். உண்மையாகவே சிரிப்புத்தான் வந்தது. கொலுசு மாட்டிவிட்ட கை அல்லவா அது? அவன் சிரிக்கவில்லை என்று பார்த்த பிறகுதான் துணிக் கட்டின் மேல் உட்கார்ந்தாள்.

அவன் சொன்னான். எதிரே வந்து உட்காராமல், நின்றுகொண்டே, பாடம் ஒப்பிக்கிறவன் மாதிரி சொன்னான். கல்யாணமான மூன்றாவது மாதத்திலிருந்து அடித்திருக்கிறான். குடித்தும் அடித்தான், குடிக்காமலும் அடித்தான். காரணம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. இரண்டு தடவை இரண்டு வீட்டுச் சொந்தமும் கூடி உட்கார்ந்து, பழசையெல்லாம் மறந்துவிட்டுப் புதுசாக ஆரம்பியுங்கள் என்று சேர்த்துவைத்துவிட்டுப் பந்தி முடித்துப் போனார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் அடித்த அடியில் காதில் ரத்தம் வந்தது. அதற்குப் பிறகு அவன் கை ஓங்கவில்லை, குடிக்கவும் இல்லை, ஹாலுக்கு வந்துவிட்டான். அவளும் அவனோடு பேசவில்லை. போன வருஷம் அவளாகவே ஒரு வக்கீலைப் பிடித்துக் குடும்ப நீதிமன்றத்தில் மனுப் போட்டாள். லாரி தட்டிய அன்றைக்கு அவள் போய்க்கொண்டிருந்தது அந்தக் கேஸின் முதல் விசாரணைக்கு.

"இதை நீங்க டாக்டர்கிட்டச் சொல்லலியா?"

"எல்லாத்தையும் சொன்னேன். பதினொரு மணி நேரம் சொன்னேன். கோர்ட்டுல நீ சொல்ல வேண்டியது மேகலா. உன்னால முடியாமப் போச்சு, அதான் நான் சொன்னேன்."

"அப்புறம் ஏன் எனக்கு ஒண்ணுகூட ஞாபகம் இல்ல?"

"ரெண்டு பேர் சொல்லலியே."

அட கடவுளே என்று ஆகிவிட்டது அவளுக்கு. பொய் சொன்னவன் இவன் என்று தேடிக்கொண்டு வந்தால், உண்மை சொன்ன ஒரே ஆள் இவனாக இருக்கிறான். அடித்தவனும் இவனே. இந்த ஆறு மாதமும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். அவளாகக் கேட்டால்தான் சொல்லலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம்; அவள் கேட்பாள் என்று தினமும் காத்திருந்தானாம். பிறகு கொஞ்சம் தயங்கி, அவள் தோசை வைத்துவிட்டு நிற்கும்போதெல்லாம் வேறு யாருக்கோ வந்த தபாலைத் தான் பிரித்துப் படிக்கிற மாதிரி இருந்தது என்றான். காது கிழிந்த பிறகு அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டதற்கு மட்டும், அவள் கடைசியாகத் தன்னிடம் பேசியது அதைப் பற்றித்தான், டாக்டரிடமும் சொல்லியாயிற்று, ஆனால் உனக்கு அந்த மிச்சத்தை உங்க அம்மாதான் சொல்ல வேண்டும் என்றான்.

கேட்டதெல்லாம் செய்தி மாதிரிதான் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி அடிவாங்கியதைக் கேட்டால் எவ்வளவு வருமோ அவ்வளவு வருத்தம் வந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. கோபப்படலாம் என்று பார்த்தால் கொலுசு வந்து நின்றது. எதிரே நிற்கிறவன் மேல் அப்போதும் அவளுக்கு ஆசை இருந்தது. அந்த ஆசையை நினைத்துத் தன் மேலேயே அருவருப்பும் வந்தது.

அன்றைக்கே கோயமுத்தூருக்குப் போனார்கள். டாக்டர் நஸ்ரீன் பேனாவை மூடித் திறந்து மூடினார். பூபதி சொன்னதில் ஒரு வரிகூட உள்ளே போகவில்லை என்பது உண்மைதான், தள்ளப்பட்ட வாக்குமூலத்தை நோயாளிக்குப் போட்டுக்காட்டச் சட்டத்தில் இடமில்லை என்றார். சட்டம் போட்ட மகராசர்கள், தனியாளாக ஒருத்தன் பொய் சொல்லுவான் என்று யோசித்தார்களே தவிர, இரண்டு அம்மாக்கள் தனித்தனி அறையில் உட்கார்ந்து, சம்பந்தம் பேச வந்தவர்களிடம் சொல்கிற அதே குரலில், 'மாப்பிள்ளை தங்கம்ங்க', 'மருமவ மகாலட்சுமிங்க' என்று ஒரே மாதிரி சொல்லுவார்கள் என்று யோசிக்கவில்லை. இதற்கு அவர்கள் கூடிப் பேசவே வேண்டியதில்லை. கொலுசும் வராந்தாவும் அவர்கள் ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகிய கதைகள்.

"இப்ப என்னதாங்க டாக்டர் வழி?"

"ஊசி போடாம விட்டா எல்லாம் போயிடும், பாப்பா உள்பட. இப்படியே போட்டா, நீங்க கேட்டது வெறும் தகவலா நிக்கும், இவர் மேல பாசம் ஞாபகமா நிக்கும். மூணாவது வழி ஒண்ணு இருக்கு. உங்க அம்மாவோ மாமியாரோ வந்து வாக்குமூலத்தை மாத்தணும். இவர் சொன்னதோட எது ஒத்துப்போகுதோ அதை வைக்கலாம். நல்லா யோசிங்கம்மா. அது அடி வாங்கின ஞாபகம். வச்சா வலிக்கும்."

மாமியாரிடம் கேட்பதற்கே இடமில்லை. புதன்கிழமை பூபதியே காங்கேயம் போய்க் கேட்டதற்கு, என் வாயால் என் மகனைக் கெடுக்கமாட்டேன் என்று அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். வியாழக்கிழமை காலையில் மேகலா ஊத்துக்குளிக்குப் போனாள்.

துளசிமணி முறத்தில் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். மகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, மகள் பேச ஆரம்பித்ததும் சுருங்கியது. முதலில் ஒன்றும் நடக்கவில்லை என்றாள். பிறகு எல்லா வீட்டிலும் நடப்பதுதான் என்றாள். பிறகு, கிணற்றுக் கதையை அவசரத்தில் சொல்லித் தொலைத்ததற்குத் தன்னையே திட்டிக்கொண்டாள். மேகலா விடவில்லை. நாளைக்கு வந்து உள்ளதை உள்ளபடி சொல்லிவிடு, அது போதும் என்றாள்.

"சொல்லி என்ன கண்ணு ஆவப்போவுது? அடி வாங்குனது நெனப்புல இருந்தாத்தான வலி? இப்ப உனக்கு எங்க வலிக்குது, சொல்லு பாக்கலாம்."

நியாயமாகப் பார்த்தால் மேகலாவுக்கு எங்கேயும் வலிக்கவில்லை.

"ஆறு வருசம் அழுது அழுது வந்து நின்ன. நானும் சாமி சாமின்னு கும்புட்டேன். மாப்பிள்ளை திருந்திட்டாரு. உனக்கு மறந்துபோச்சு. இதுக்கு மேல ஒரு சாமி என்ன சாமி பண்ணும்?"

"எனக்குப் புரியல அம்மா. நான் யாரைக் கட்டிக்கிட்டேன்னு எனக்குத் தெரியல. கோர்ட்டுக்குப் போனவ யாருன்னும் தெரியல. அவ எதுக்கோ கிளம்பிப் போனா. அவ பாதி ரோட்டுலயே நிக்கறா அம்மா."

துளசிமணி கடலைத் தொலியை ஊதித் தள்ளினாள். மோர் குடிக்கிறாயா என்று கேட்டாள். மேகலா வேண்டாம் என்று எழுந்தபோது, முறத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"மாப்பிள்ளை எதுவரைக்கும் சொன்னாரு?"

"காதுல ரத்தம் வந்த வரைக்கும். மிச்சத்தை நீ சொல்லணும்னாரு."

மகள் பஸ் ஏறும்வரை துளசிமணி வாசலுக்குக்கூட வரவில்லை.

வெள்ளிக்கிழமை காரில் போகும்போது மேகலா பூபதியிடம் ஒன்றே ஒன்று சொன்னாள். ஞாபகம் எப்படி ஆனாலும் சரி, கேஸை வாபஸ் வாங்கப்போவதில்லை, பாப்பாவோடு தனி வீடு பார்க்கப்போகிறேன் என்றாள். சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்தது. பிடித்த மனுஷனை விட்டுப் போகிற அழுகை அது. தெரியும் என்றான் பூபதி. ரோட்டைப் பார்த்து ஓட்டினான்.

மையத்து வாசலில் துளசிமணி உட்கார்ந்திருந்தாள். முதல் பஸ்ஸைப் பிடித்து, தனியாக வந்திருக்கிறாள். யாரிடமும் பேசாமல் டாக்டருக்குப் பின்னால் அறைக்குள் போனாள். நாற்பது நிமிஷம் கழித்து வெளியே வந்தபோது பத்து நாள் காய்ச்சலில் கிடந்தவள் மாதிரி இருந்தாள். இரண்டு வாக்குமூலமும் ஒத்துப்போகிறது, அன்றைக்கு மகள் வீடு திரும்பிப் போனில் சொன்னது வரை வரி வரியாக ஒத்துப்போகிறது என்று டாக்டர் சொன்னார். மேகலாவைப் படுக்கவைத்துத் தலையில் ஞாபகம் ஏற்றுகிற தொப்பியை மாட்டினார்கள். இரண்டு மணி நேரம் அவள் காதுக்குள் அம்மா பேசினாள், பூபதி பேசினான். பேசியது என்ன என்று விழித்த பிறகு ஞாபகம் இருக்காது, நடந்ததுதான் இருக்கும்.

இருந்தது.

அறை விழுந்த சத்தம் இருந்தது. சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது, சத்தம் நின்றுபோனது இருந்தது. கழுத்து வழியாக ரத்தம் இறங்கி ஜாக்கெட்டில் ஊறிய பிசுபிசுப்பு இருந்தது. நாலு வயசுப் பாப்பா தூங்குகிறாளா என்று பார்த்துவிட்டு, கிடைத்த வண்டியில் ஏறி ஊத்துக்குளிக்குப் போய் அம்மா வீட்டுக் கதவைத் தட்டியது இருந்தது. அம்மா காதைத் துடைத்துவிட்டாள், பாலைக் காய்ச்சிக் கொடுத்தாள், முந்தானையைக் கொண்டு கழுத்தை மூடிவிட்டாள். விடிந்ததும் முதல் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். "உன்ற வீடு அதுதான் கண்ணு. நான் போயிச் சேந்த பொறவு உனக்கு இங்க யாரு இருக்கறா?" திரும்பிவந்து தன் வீட்டுக் கதவைத் தட்டியபோது திறந்தது பூபதி. அவளைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அப்போதுதான் மேகலாவுக்கு வலித்தது. காது, கழுத்து, எல்லாம் வலித்தது. கோபமும் வந்தது. அடித்தவன் மேல் வந்ததைவிட, முந்தானையால் மூடிவிட்டவள் மேல் கோபம் பெரிதாக வந்தது. அம்மா எதற்காகப் பொய் சொன்னாள் என்று இப்போது புரிந்தது. மகள் வாழவேண்டும் என்று சொன்னது பாதிதான். தன்னை மகள் வெறுக்கக்கூடாது என்பது மறுபாதி.

அந்தப் பாதியைத்தான் அவள் இன்றைக்கு முதல் பஸ்ஸில் கொண்டுவந்து கொட்டியிருக்கிறாள்.

கொலுசு அப்படியே இருந்தது, அதன் பக்கத்திலேயே அறையும் இருந்தது. எது எதை அழிக்க வேண்டும் என்று இரண்டுக்கும் தெரியவில்லை. இன்னொன்றும் இருந்தது. பஸ் கிளம்பியதும் அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடிவருகிறாள். முகமெல்லாம் கண்ணீர். இறங்கிடு கண்ணு, போவாத என்று என்னவோ சொல்கிறாள், பஸ் இரைச்சலில் கேட்கவில்லை. அந்த முகம் அத்தனை தெளிவாக இருந்தது.

ஊசிக்கு இன்னும் அரைமணி இருந்தது. மேகலா எழுந்து வெளியே வந்தாள். பூபதி தூரத்தில் சுவரோரம் நின்றிருந்தான். துளசிமணி பெஞ்சில் இருந்தாள், தலை நிமிரவில்லை. மேகலா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். வலது காது அம்மாவின் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்தாள்.

"அம்மா, அன்னிக்கு பஸ் கிளம்பறப்ப நீ அழுதுட்டே பின்னால ஓடி வந்தியா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. இத்தனை காலம் எத்தனையோ சொன்னவளுக்கு அது ஒரு பெரிய விஷயமா? துளசிமணி தன் உள்ளங்கையைப் பார்த்தாள்.

"இல்ல சாமி. ஏத்திவுட்டுட்டு நேரா ஊட்டுக்கு வந்துட்டேன். திரும்பிக்கூடப் பாக்கல."

மேகலா எழுந்து போகவில்லை. இருவரும் ஒரே பெஞ்சில் ஒட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள். நர்ஸ் வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

உள்ளே டாக்டர் நஸ்ரீன் கையுறை மாட்டிக்கொண்டே, வழக்கமாக எல்லாரிடமும் கேட்கிற கடைசிக் கேள்வியைக் கேட்டார். மூளை படம் வரையும்போது சில சமயம் யாருமே சொல்லாததையும் சேர்த்து வரைந்துவிடும். மனசு எதற்கு ஏங்குகிறதோ அதை வரையும். அப்படி ஏதாவது இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள், சுரண்டி எடுத்துவிடலாம். ஊசி போட்ட பிறகு பொய்யும் மெய்யும் ஒன்றாக இறுகிவிடும் என்றார்.

"யாரும் சொல்லாதது ஏதாவது உள்ள இருக்காம்மா?"

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பெஞ்சின் ஒரு முனையும் அம்மாவின் புடவைத் தலைப்பும் தெரிந்தன. மேகலா கையை நீட்டிக் கொடுத்தாள்.

"ஒண்ணும் இல்லைங்க டாக்டர்."